எந்தக் கோல்?

எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் "நூறு குழி நிலம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே தலையாட்ட மாட்டார்கள். "எந்தக் கோல்?" என்பார்கள். கேட்காமல் விட்டால் மோசம் போக வேண்டியதுதான். பன்னிரண்டடிக் கோலால் அளந்த ஒரு குழி 144 சதுர அடி. அதில் நூறு சேர்ந்தால் 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். காவிரிப் படுகைக்காரர்களுக்கு அது ஒரு மா. இருபத்துநாலடிக் கோலால் அளந்த குழியோ 576 சதுர அடி. அதில் நூறு சேர்ந்தால் 57,600 சதுர அடி, ஒரு ஏக்கர் 32 சென்ட். வடக்கே அதைக் காணி என்பார்கள். சொல்லும் அதே, எண்ணும் அதே. நிலம் மட்டும் நாலு மடங்கு.

விக்கிரமங்கலம் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. மாவும் காணியும் உரசிக்கொள்ளும் வட்டாரம் இது. சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் என்ற பெயரில் வணிகர்கள் தலைமையிடமாக வைத்திருந்த ஊர் என்பார்கள். சோழீஸ்வரர் கோயிலும், பழைய புத்தர், சமணர் சிற்பங்களும் இன்னும் இருக்கின்றன. வணிகர் கூடிய ஊரில் "எந்தக் கோல், எந்த மரக்கால்" என்ற கேள்வி நாள்தோறும் எழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் அதே ஊரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நானும் நாள்தோறும் அதே கேள்விக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏஐ ஏஜென்ட்டுகள் சிமுலேஷன் மென்பொருளைச் சரியாக இயக்குவதற்கான கருவிக் குறிப்பு எழுதுவது என் வேலை. இதை அம்மாவுக்கு விளக்க மூன்று முறை முயன்று தோற்றுவிட்டேன். உங்களிடம் நாலாவது முறை.

ஒரு இரும்பு ஸ்டாண்டு பாரம் தாங்குமா, அதிருமா என்று செய்வதற்கு முன்பே அறிய வேண்டும். கம்ப்யூட்டருக்குள் அந்த ஸ்டாண்டை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிப்போம். அதற்கு மெஷ் என்று பெயர். எந்த இடம் தரையோடு பிடித்திருக்கிறது, எங்கே பாரம் இறங்குகிறது என்று சொல்வோம். சால்வர் என்ற நிரல் துண்டு துண்டாகக் கணக்குப் போட்டு, எங்கே எவ்வளவு வளையும் என்று சொல்லும். இதுவரை மனிதர் செய்த இந்த வேலையை இப்போது மொழி மாதிரிகள் செய்யத் தொடங்கியிருக்கின்றன. அவற்றிடம் மென்பொருளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. மெஷ் போட ஒரு கருவி, பாரம் வைக்க ஒன்று, சால்வரை ஓட்ட ஒன்று, முடிவைப் படிக்க ஒன்று என்று பிரித்துக் கொடுப்போம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன எண் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். இப்படிக் கருவிகளை எடுத்து வேலை செய்யும் மொழி மாதிரிதான் ஏஜென்ட். அதற்குத் தெரிவது அவ்வளவுதான். உள்ளே என்ன நிரல் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன் என்றால் பக்கத்து சீட்டுக்காரரிடம் "அண்ணே, இது மில்லிமீட்டரா மீட்டரா?" என்று கேட்பான். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட்டு இல்லை.

கருவிக் குறிப்பின் அந்தச் சில வரிகளுக்கு வயது இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னின் எடை வரும் இடங்களைப் பாருங்கள். இவ்வளவு கழஞ்சு என்பதோடு எழுதியவர் நிறுத்தவில்லை. ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்த எடை என்று சேர்த்தே சொல்கிறார். நகைகளுக்கு வேறு எடைக்கல். அதன் பெயர் தக்ஷிணமேரு விடங்கன். நெல்லுக்கு ஆடவல்லான் மரக்கால்; அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்பும் அங்கேயே வந்துவிடுகிறது. நிலம் அளந்த இடங்களில் எத்தனை சாண் கோல் என்று வரும். சில கோயில்களில் கோலின் நீளத்தையே சுவரில் கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் போய் ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கல்லில் வெட்டச் சொன்னவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: படிக்கிறவன் தன்னிடம் வந்து கேட்கப் போவதில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து நான் போய் எங்கே கேட்பது?

கம்ப்யூட்டர் உலகில் இந்தப் பழக்கத்துக்கு எனக்குப் பிடித்த ஒரு நாளைச் சொல்ல முடியும். 1971 நவம்பர் 3. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். கட்டளைக்கு ஒரு பக்கம். மேலே பெயர், அடுத்து எப்படி எழுதுவது, பிறகு என்ன செய்யும் என்ற விளக்கம். எனக்கு அதில் பிடித்தது கடைசிக்குப் பக்கத்தில் வரும் ஒரு பகுதி. அதன் தலைப்பு ‘பக்ஸ்’, அதாவது பூச்சிகள், பிழைகள். தாங்கள் செய்த பொருள் எங்கே கோளாறு செய்யும் என்று செய்தவர்களே எழுதி வைத்தார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு விற்கிறவர் "இது உதைக்கும்" என்று தானே எழுதிக் கழுத்தில் கட்டிவிடுவது போன்ற நேர்மை அது.

சிமுலேஷன் மென்பொருள்களுக்கு இந்த நேர்மை வந்து சேரவில்லை. அதே காலத்தில் பிறந்தவைதான் அவையும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960களில் உருவாக்கிய நாஸ்ட்ரான் ஒன்று. ஜான் ஸ்வான்ஸன் 1970-ல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்த ஆன்ஸிஸ் இன்னொன்று. நாஸ்ட்ரானுக்கு உள்ளீடு துளையிட்ட அட்டைகளில் போனது. அட்டைக்கு 80 கட்டம். எட்டு எட்டாகப் பிரித்து எண்களை நிரப்ப வேண்டும். எண்ணுக்குத்தான் கட்டம் உண்டு, அலகுக்குக் கட்டம் இல்லை. அட்டை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, வழக்கம் போகவில்லை. இன்றும் பெரிய சால்வர்கள் பலவற்றுக்கு நீங்கள் கொடுப்பது வெறும் எண். நீளம் மில்லிமீட்டரிலும் விசை நியூட்டனிலும் கொடுத்தால் நிறையை டன்னில்தான் கொடுக்க வேண்டும். கணக்கு அப்போதுதான் பொருந்தும். ஸ்டாண்டு செய்யும் இரும்பின், அதாவது எஃகின், அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? இந்த முறையில் அது 7.85-ஐ நூறு கோடியால் வகுத்த எண். பழக்கத்தில் 7850 என்று அடித்துவிட்டால் லட்சம் கோடி மடங்கு தப்பு. சால்வர் முகம் சுளிக்காது. கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் 2004-ல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது; லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹென்றி வெல்லர் முதலானோர் செய்தது. அதில் ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ஏழு எண்களை அடைப்புக்குள் எழுத வேண்டும்: நிறை, நீளம், காலம், வெப்பம் என்று ஏழு அடிப்படைகளின் அடுக்குகள். பொருந்தாத இரண்டைக் கூட்டப் போனால் அங்கேயே நின்றுவிடும். ஆடவல்லான் கல் என்று எழுதினவரின் வாரிசு இது. ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. அடர்த்தி மாறாத ஓட்டங்களுக்கான சால்வர்களில் அழுத்தம் என்று எழுதியிருப்பது அழுத்தம் அல்ல. அடர்த்தியால் வகுத்த அழுத்தம். பாஸ்கல் என்று நினைத்துப் படித்தால் தண்ணீருக்கு ஆயிரம் மடங்கு குறைவாகத் தெரியும். அடைப்புக்குள் இருக்கும் ஏழு எண்களைப் பார்த்தால் புரிந்துவிடும்தான். பார்க்கிறவர் யார்?

அலகுக் கதை என்றால் செவ்வாய்க்குப் போன விண்கலத்தைச் சொல்லாமல் விட மாட்டார்கள். 1999 செப்டம்பர் 23-ல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது. தரையிலிருந்த ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு விநாடியில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட நிரல் அதை நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட நாலரை மடங்கு வித்தியாசம். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: மெட்ரிக் அலகில்தான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு நிரல்களுக்கும் இடையிலான குறிப்பு ஆவணத்தில் எழுதியே இருந்தது. குறிப்பு ஒரு கோப்பில் இருந்தது, எண் வேறொரு கோப்பில் போனது. எண்ணோடு ஒட்டாத குறிப்பு சுவரில் வெட்டாத கோல் மாதிரி.

இனி கருவிக் குறிப்பு இப்போதைய உடம்பில் பிறந்த கதை. மொழி மாதிரி யோசித்து, ஒரு கருவியை எடுத்து, வந்த பதிலைப் பார்த்து மறுபடி யோசிக்கலாம் என்று 2022 அக்டோபரில் ரியாக்ட் என்ற ஆய்வுக் கட்டுரை காட்டியது. 2023 ஜூன் 13-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஃபங்ஷன் காலிங் என்ற வசதியை வெளியிட்டது. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டுப் பட்டியல் மூன்றையும் ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதிக் கொடுத்தால், எப்போது எந்தக் கருவி வேண்டும் என்று மாதிரியே முடிவு செய்யும். அவர்கள் முதலில் காட்டிய உதாரணம் வானிலை கேட்கும் கருவி. அதில் இரண்டு உள்ளீடு. ஒன்று ஊர், நகரத்தையும் மாநிலத்தையும் சேர்த்து எழுது என்று எடுத்துக்காட்டோடு சொல்லியிருந்தார்கள். மற்றொன்று அலகு, செல்சியஸ் அல்லது ஃபாரன்ஹீட், வேறு எதையும் எழுத இடமில்லை. பிறந்த குழந்தை முதலில் கேட்டதே "எந்தக் கோல்?" என்றுதான். அதைப் பார்த்து எழுதப் பழகிய நாங்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டு அலகை மறந்துவிட்டோம்.

2024 நவம்பர் 25-ல் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகாலை வெளியிட்டது. எம்சிபி என்று சுருக்கிச் சொல்கிறோம். ஒரு முறை கருவியைச் செய்து வைத்தால் எந்த ஏஜென்ட்டும் வந்து எடுத்துக்கொள்ள வழி செய்த பொது ஏற்பாடு. இதற்கான பைத்தான் தொகுப்பில் ஒரு சௌகரியம் உண்டு. நிரலின் தலையில் நாம் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு அப்படியே கருவிக் குறிப்பாகிவிடும். நிரல் எழுதுகிறவன் தனக்காகக் கிறுக்கி வைத்த ஒரு வரி, மறுநாள் யாரோ ஒரு ஏஜென்ட்டுக்கு வேதவாக்கு. சௌகரியம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. கல்லை உடைத்துச் சலிக்கும் பெரிய சல்லடை ஒன்றுக்கு ஸ்டாண்டு கேட்டு ஒருவர் என் மாமாவின் வெல்டிங் பட்டறைக்கு வந்தார். சல்லடையைக் குலுக்கும் மோட்டார் நிமிடத்துக்கு 960 சுற்று, விநாடிக்கு 16. ஸ்டாண்டின் இயல்பான அதிர்வு அந்தப் பதினாறுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்துகொண்டு ஆடத் தொடங்கும். வெல்டு விட்டுப் போகும். மாமா படத்தைக் கொடுத்து, "உன் பொட்டிகிட்ட கேட்டுச் சொல்லு மாப்ள" என்றார். நான் புதிதாகச் செய்திருந்த கருவிகளை ஏஜென்ட்டிடம் கொடுத்து ஓட்டினேன்.

கால் மணி நேரத்தில் அழகான அறிக்கை வந்தது. சல்லடையின் பாரத்தை மட்டும் வைத்துப் பார்த்த அழுத்தக் கணக்கு சரியாக இருந்தது. கையால் போட்டும் பார்த்தேன். முதல் அதிர்வெண் விநாடிக்கு 0.54. மோட்டாரின் 16-லிருந்து வெகு தூரம், ஆகவே ஆபத்தில்லை என்று முடித்திருந்தது. மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

"0.54-ன்னா?"

"ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை ஆடும் மாமா."

அவர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். "அது ஊஞ்சல்டா. இரும்புச் சட்டத்தைத் தட்டினா கிண்ணுன்னு கேக்கும். ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை எப்படி ஆடும்? எதுல அளந்துச்சாம்?"

அறைக்கு வந்து தோண்டினேன். கருவியின் விளக்கமாக நான் எழுதியிருந்தது ஒரே வரி: அனாலிசிஸை ஓட்டும். அடர்த்தி என்ற உள்ளீட்டுக்கு எழுதியிருந்தது: பொருளின் அடர்த்தி. இதைப் படித்த ஏஜென்ட் முட்டாள்தனமாக எதுவும் செய்துவிடவில்லை. நீளம் எல்லாம் மில்லிமீட்டரில் இருப்பதைக் கவனித்திருக்கிறது. 7,850 கிலோவைக் கன மீட்டரிலிருந்து கன மில்லிமீட்டருக்குப் பொறுப்பாக மாற்றியிருக்கிறது. சல்லடையின் நிறையையும் கிலோவில் கொடுத்திருக்கிறது. சால்வர் எதிர்பார்த்ததோ டன். நிறை முழுக்க ஆயிரம் மடங்கு கூடிப்போனது. அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும் என்பதால் 31.6 மடங்கு குறைந்துபோனது. சொந்த எடையைச் சேர்க்காத அழுத்தக் கணக்கில் அடர்த்திக்கு வேலையே இல்லை; அதனால்தான் அது சரியாக வந்து என்னை ஏமாற்றியது. 0.54-ஐ 31.6-ஆல் பெருக்கினேன். பதினேழு. மோட்டாரின் பதினாறுக்குப் பக்கத்து வீடு.

அன்றிரவு குறிப்புகளைத் திருப்பி எழுத உட்கார்ந்தவன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2024-ல் செய்த எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்ற ஆய்வு அப்போது எனக்குத் துணையாக இருந்தது. அதே மாதிரியிடம் கொடுக்கும் கட்டளைகளின் அமைப்பை மாற்றினாலே அது செய்யும் வேலை மேம்படும் என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். தப்பான திருத்தத்தை வாங்காமலே திருப்பி அனுப்பும் ஏற்பாடும் அதில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்த்ரோபிக் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னொரு செய்தி: தங்கள் ஏஜென்ட் அடைவு மாறியதும் கோப்பு முகவரியைத் தப்பாக எழுதியது, முழு முகவரி கொடுத்தால்தான் கருவி வேலை செய்யும் என்று மாற்றியதும் அந்தத் தப்பு நின்றுவிட்டது. எச்சரிக்கை எழுதுவதைவிட, தப்பு நுழைய முடியாதபடி வாசலைக் குறுக்குவது மேல் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் உள்ளீட்டின் பெயரையே மாற்றினேன். ‘அடர்த்தி’ போய் ‘அடர்த்தி, கன மில்லிமீட்டருக்கு டன்’ என்றே பெயர். நீளமாகத்தான் இருக்கிறது. குறிப்பு கோப்பில் தங்கிவிடாமல் எண்ணோடு கூடவே போக வேறு வழி தெரியவில்லை. விளக்கத்தில் இரும்புக்கு வர வேண்டிய எண்ணை எடுத்துக்காட்டாகக் கொடுத்தேன். அதையும் மீறிப் பொருந்தாத எண் வந்தால் கருவி ஓடாது. "இது கன மில்லிமீட்டருக்குக் கிலோ போலத் தெரிகிறது, ஆயிரத்தால் வகுத்து அனுப்பவும்" என்று திருப்பிச் சொல்லும். வெறுமனே ‘உள்ளீடு தவறு’ என்று சொன்னால் ஏஜென்ட் கண்ணைக் கட்டிக்கொண்டு வேறு வேறு எண்ணாக எறிந்து பார்க்கிறது. அந்தக் கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

சால்வரை ஓட்டும் கருவிக்கு வேறு நோய். பெரிய கணக்கு முடிய ஒரு மணி நேரம் ஆகும். கருவி உடனே ஒரு வேலை எண்ணைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். முடிவைக் காணோமே என்று ஏஜென்ட் அதையே மூன்று முறை ஓட்டிவிட, மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. "இந்தக் கருவி முடிவைத் தராது, வேலை எண்ணைத்தான் தரும், மறுபடி ஓட்டாதே, நிலையறியும் கருவியைக் கேள்" என்ற இரண்டு வரியில் அது அடங்கியது. முடிவைப் படிக்கும் கருவியோ லட்சக்கணக்கான வரிகளைக் கொட்டியது. அவ்வளவையும் படித்தால் மாதிரிக்கு முன்னால் சொன்னது மறந்துபோகும். இப்போது உச்ச அழுத்தம், அது எந்த இடத்தில், என்ன அலகில் என்று சில வரிதான் வரும். ‘வெற்றி’ என்று பதில் தருவதையும் நிறுத்தினேன். சால்வர் கணக்கை முடித்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை, ஆனால் படிக்கிற எவருக்கும் பதில் சரி என்றே கேட்கிறது. ‘கணக்கு முடிந்தது, சரிபார்க்கப்படவில்லை’ என்று மாற்றினேன்.

குறிப்புகளைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன். ஏஜென்ட் நன்றாகவே புரிந்துகொண்டது. ஆனால் தமிழ் எழுத்துக்கு மாதிரிகள் கூடுதல் டோக்கன், அதாவது எழுத்துத் துண்டுகள், எடுக்கின்றன, கூலியும் அதற்கேற்பக் கூடுகிறது. ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறேன். முதல் வரைவை மட்டும் இன்னும் தமிழில் எழுதுகிறேன். மாமாவுக்குப் படித்துக் காட்டலாம், அவருக்குப் புரியாத வரி ஏஜென்ட்டையும் எங்காவது இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்டாண்டுக்குக் குறுக்குச் சட்டம் நாலு சேர்த்து மறுபடி ஓட்டியதில் 26 வந்தது. சால்வர் கருவிக் குறிப்பின் கடைசியில், 1971 கையேட்டை நினைத்துக்கொண்டு, பக்ஸ் என்று ஒரு பகுதி சேர்த்திருந்தேன்: வெல்டு எல்லா இடத்திலும் முழுதாகப் பிடித்திருப்பதாக வைத்துக்கொண்டே இந்தக் கருவி கணக்குப் போடும்; பிடித்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஏஜென்ட் அந்த வரியைத் தன் அறிக்கையின் அடியில் மறக்காமல் போட்டிருந்தது.

மாமா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "என் வெல்டையே சந்தேகப்படுதா அது?" என்றார். பிறகு டார்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, அதற்குள் செய்து முடித்திருந்த ஸ்டாண்டுக்கு அடியில் படுத்தார். ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது காலில் நின்று, மறுபடி தட்டி, "மாப்ள, இங்க ஒரு ராடு எடுத்துட்டு வா" என்றார்.